முயலுக்கு வாந்தி வராது

முயலுக்கு வாந்தி எடுக்க வராது. இரைப்பையின் மேல்வாயில் இருக்கிற சுருக்குத்தசை அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது போனதுதான். குடல் முழுக்கச் சுற்றிப் பின்வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஒத்துக்கொள்ளாததைத் தின்ற நாய் கக்கிவிட்டு அரைமணி நேரத்தில் வாலாட்டிக்கொண்டு வந்துவிடும். முயல் மூலையில் ஒடுங்கி உட்காரும், பல்லை நறநறவென்று கடிக்கும். வேறு எதையும் காட்டிக்கொள்ளாது. மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தால் விறைத்துக் கிடக்கும். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்று யாராவது வந்து சொல்லாத கோடைக்காலம் எனக்கு இருந்ததில்லை.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன், குடியிருப்பது திருப்பாலையில். 'ஜுவாலஜி சார்' என்று பெயராகிவிட்டதால், சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு முயல் சாப்பிடாவிட்டாலும், ஆமைக்குக் கண் வீங்கினாலும், முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள். மருந்து நான் சொல்வதில்லை, டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். அந்த உடம்புக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் சொல்வேன். இப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தச் சின்ன ஜீவன்கள் கிருமியால் சாவதைவிட, அதற்குள்ளும் ஒரு நாய்தான் இருக்கிறது, இல்லையென்றால் ஒரு குழந்தைதான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வதால் சாவது அதிகம். இன்னொரு விஷயம், அவற்றுக்கு வேண்டியதில் பெரும்பாலானது இந்த ஊரிலேயே, கோயில் வாசலிலும் மொட்டைமாடியிலும், கிட்டத்தட்டச் சும்மா கிடைக்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்குவதில்தான் வில்லங்கம்.

முயலையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அட்டையும் முயலும் பாடமாக இருக்கின்றன. 2033/1023 என்ற பல் சூத்திரத்தை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் முயல் வளர்க்கிற பிள்ளைகூட அந்தச் சூத்திரத்தை அதன் வாயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. மேல்தாடையில் ஒரு பக்கத்துக்கு வெட்டுப்பல் 2, கோரைப்பல் கிடையாது, முன்கடைவாய்ப்பல் 3, பின்கடைவாய்ப்பல் 3. கீழே 1, 0, 2, 3. கூட்டி இரண்டால் பெருக்கினால் 28. மேலே அந்த இரண்டாவது வெட்டுப்பல் வெளியே தெரியாது. முன்பல்லுக்குப் பின்னால் ஆப்பு அடித்தமாதிரி குட்டையாக ஒளிந்திருக்கும். எலி, அணில் வகையறாவுக்கு அது இல்லை. முயலை எலிக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனி வரிசையில் வைப்பதற்கு இந்த ஒளிந்த பல்லும் ஒரு காரணம்.

முக்கியமானது எண்ணிக்கை இல்லை. இந்த 28 பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கிறது. வேர் மூடுவதே இல்லை. இவ்வளவு வேகமாக வளர்கிற பல், அதே வேகத்தில் தேய்ந்தாக வேண்டும். தேய்ப்பது யார்? புல். புல்லின் இழையில் சிலிக்கா என்கிற மணல்சத்து இருக்கிறது. அதைக் கடைவாயில் பக்கவாட்டாக அரைத்து அரைத்துத்தான் முயலின் பல் ஒழுங்கான உயரத்தில் நிற்கிறது. கேரட், பிஸ்கட், கடையில் விற்கிற உருண்டைத் தீவனமான பெல்லட் இதெல்லாம் மேலும் கீழுமாக நொறுக்குகிற தீனி. நொறுக்கினால் பல் தேயாது. ஓரத்தில் ஊசிமாதிரி முனை வளர்ந்து, கீழ்ப்பல் நாக்கைக் குத்தும், மேல்பல் கன்னத்தைக் கிழிக்கும். முயல் பசியோடு தட்டுக்கு வந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். "பிகு பண்ணுது சார்" என்பார்கள். பிகுவெல்லாம் இல்லை, வாய்ப்புண்.

இன்னும் ஒரு கூத்து உண்டு. மேல்பல்லின் வேர் மேல்நோக்கி நீண்டால், கண்ணிலிருந்து மூக்குக்குப் போகிற கண்ணீர்க் குழாயை நெருக்கிவிடும். கண்ணில் நீர் வழிய ஆரம்பிக்கும். வீட்டில் இருக்கிற கண் சொட்டு மருந்தை எடுத்து மாதக்கணக்கில் விடுவார்கள். கண்ணில் நீர் வழிகிற முயலுக்கு முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மண்டையை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

புல் என்றதும் பெட் ஷாப்பில் திமோத்தி என்று ஒரு வெளிநாட்டு உலர்புல்லைப் பாக்கெட்டில் நீட்டுவார்கள். அந்த விலைக்கு நாமே நல்ல சாப்பாடு சாப்பிடலாம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியும், ஊரில் உள்ள பிள்ளையார் கோயில் வாசல்களிலும் கட்டுக்கட்டாக விற்கிறார்களே அருகம்புல், அது முயலுக்கு முதல்தரமான தீனி. வாங்கி நன்றாக அலசி, பச்சையாகக் கொஞ்சமும் நிழலில் காயவைத்துக் கொஞ்சமும் போடலாம். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மாட்டுக்கு வளர்க்கிற கோ-4 புல்லும் சரி. லூசர்ன் என்கிற குதிரைமசால் மட்டும் வளரும் குட்டிக்கு நல்லது, பெரிய முயலுக்கு அளவோடு. ஏன் என்று மூத்திரக் கதையில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் குடல். மாட்டுக்குப் புல்லைப் புளிக்கவைக்கிற அறை முன்னால் இருக்கிறது. அசைபோட்டு மறுபடி விழுங்குகிறது. முயலுக்கு அந்த அறை பின்னால், சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் இருக்கிறது. சீக்கம் என்று பெயர். வயிற்றை அறுத்துப் பார்த்தால் கண்ணில் படுவது அதுதான். இரைப்பையைப்போலப் பத்து மடங்கு கொள்ளும். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். குடல் இங்கே ஒரு தரம்பிரிக்கிற வேலை செய்கிறது. நீளமான நார்த்துண்டுகளை நேராக வெளியே தள்ளிவிடும். அதுதான் நாம் பார்க்கிற உருண்டை உருண்டையான உலர்ந்த புழுக்கை. பொடித்துகளையும் நீரையும் பின்னோக்கித் தள்ளி சீக்கத்துக்குள் அனுப்பும். அங்கே புளித்து, பி வைட்டமின்களும் புரதமும் ஏறி, சில மணி நேரம் கழித்து வேறுவிதமான மலமாக வெளிவரும். மென்மையாக, பளபளப்பாக, திராட்சைக் கொத்துமாதிரி. அதை முயல் தரையில் விடாது. குனிந்து ஆசனவாயிலிருந்தே வாயில் வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடும். மாடு அசைபோடுவதை முயல் இப்படி இரண்டாவது சுற்றாகச் செய்கிறது. பெரும்பாலும் விடியற்காலையில், வீடு அடங்கியிருக்கிற நேரத்தில் நடப்பதால் பலர் பார்த்ததே இல்லை.

பார்த்துவிட்டால்தான் வம்பு. எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். "கருமம் சார், தன்னோடதைத் தானே திங்குது. குளிப்பாட்டி, கழுத்துல ஒரு பிளாஸ்டிக்கை வளைச்சு மாட்டிட்டேன், இனி குனிய முடியாது" என்றார் வெற்றியோடு. அதுவும் அதன் சாப்பாடு, நீங்கள் பறித்தது இலையில் வைத்த சோறு என்று விளக்கியபிறகு கழற்றினார். ஆனால் அதற்கப்புறம் அந்த முயலை மடியில் வைத்துக் கொஞ்சவில்லை என்று கேள்வி.

இந்தக் குடலுக்கு ஓட்டம் கொடுப்பது நார். நார் குறைந்து மாவும் சர்க்கரையும் கூடினால் குடல் மந்தமாகும், சீக்கத்தில் வேண்டாத கிருமி பெருகும், வாயு கட்டும். ஆரோக்கியமான முயலின் இரைப்பை ஒருபோதும் காலியாக இருக்காது. அறுவை சிகிச்சைக்கு முன் நாயைப் பட்டினி போடுவார்கள், வாந்தி மூச்சுக்குழலில் போய்விடக் கூடாது என்று. வாந்தியே வராத முயலைப் பட்டினி போடக் கூடாது. அரைநாளுக்கு மேல் ஒரு முயல் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரக் கேஸ். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகளுக்குச் சளி என்றால் கொடுக்கிற அமாக்ஸிசிலின், பென்சிலின் வகை மருந்துகளை முயலுக்கோ கினி பன்றிக்கோ வாய்வழியாகக் கொடுத்தால், சீக்கத்தில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் செத்து, க்ளாஸ்ட்ரிடியம் என்கிற விஷக்கிருமி பெருகி, பிராணி போய்ச் சேர்ந்துவிடும். நாய்க்கு உண்ணி விழ முதுகில் விடுகிற ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். இரண்டுமே நல்ல மருந்துகள்தான். உடம்பு வேறு, அவ்வளவுதான்.

மூத்திரக் கதை. "வெள்ளை வெள்ளையா, பால்மாதிரி போகுது" என்று பதறிக்கொண்டு வருவார்கள். சில நாள் செங்கல் நிறமாகவும் போகும். ரத்தம் என்று அழுதே விட்டாள் ஒரு சின்னப் பெண். நம் உடம்பு சாப்பாட்டிலிருந்து தேவையான சுண்ணாம்புச் சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வைட்டமின் டி அதற்குக் காவல் நிற்கிறது. முயலுக்கு அந்தக் காவல் பெரிதாக இல்லை. கிடைத்த கால்சியத்தையெல்லாம் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரகம் வழியாகக் கொட்டும். மற்றப் பாலூட்டிகள் 2 சதவீதத்துக்கும் குறைவாகச் சிறுநீரில் விடுகிற இடத்தில் முயல் 45 முதல் 60 சதவீதம்வரை விடுகிறது. அதுதான் அந்த வெள்ளை. செந்நிறம் பெரும்பாலும் தீனியில் இருந்து வரும் நிறமிகள். கலங்கலாகப் போவதில் பயமில்லை. கெட்டியாக, பற்பசைமாதிரி போனால்தான் பயப்பட வேண்டும். கால்சியம் மிகுந்த குதிரைமசாலையே பெரிய முயலுக்குத் தினமும் போட்டு, தண்ணீர்க் கிண்ணத்தையும் வற்றவிட்டால் அந்த நிலைக்கு வரும்.

இப்போது வெயில். மதுரை முயல்களின் உண்மையான எமன் அதுதான். முயலுக்கு வியர்க்காது, நாய்போல மூச்சிரைத்துச் சூட்டை வெளியேற்றவும் சரியாக வராது. இருப்பது காது மட்டும். அந்த மெல்லிய காதில் ஓடுகிற ரத்தநாளங்கள் விரிந்து சூட்டைக் காற்றில் விடும். சுற்றியிருக்கிற காற்றே உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் காது என்ன செய்யும்? 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் முயலுக்குச் சுகம். 30-ஐத் தாண்டினால் ஆபத்து. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் 40-ஐத் தொடுகிறது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் தகர ஷீட் போட்ட மாடிக்கூண்டில் முயலை வைப்பது வளர்ப்பில் சேர்த்தி இல்லை. மின்விசிறியும் பெரிதாக உதவாது; வியர்வை இருந்தால்தானே காற்றுக்கு உலர்த்த வேலை? தரைத்தளத்தில் ரெட் ஆக்சைடு தரையோ கடப்பாக்கல்லோ இருக்கிற மூலை, சுற்றி ஈரச்சாக்கு, பக்கத்தில் உறையவைத்த தண்ணீர் பாட்டில். துவண்டுவிட்டால் காதில் குளிர்ந்த தண்ணீர், ஐஸ் வேண்டாம், பிறகு டாக்டர்.

கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே முயல்களைக் கூண்டு கூண்டாகப் பார்க்கலாம், ஜம்மென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அதே ஆசையோடு கீழே இறங்கி வந்து இங்கே வளர்ப்பவர்கள், மலையை விட்டுவிட்டு முயலை மட்டும் கொண்டுவருகிறார்கள்.

காதைப் பிடித்துத் தூக்குகிற பழக்கமும் ஒழிய வேண்டும். முயலின் எலும்புக்கூடு மொத்த எடையில் 7, 8 சதவீதம்தான். பூனைக்கு 12, 13. எலும்பு லேசு, பின்னங்கால் தசையோ பயங்கர பலம். பயந்துபோய்க் காற்றில் உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும், பெரும்பாலும் இடுப்புக்கு மேலே. பின்கால் இரண்டும் செத்துப்போன முயலை நான் பார்த்திருக்கிறேன், அதைப்பற்றி எழுத விருப்பமில்லை. பின்பகுதியைக் கையால் தாங்கித்தான் தூக்க வேண்டும்.

ஒரு கிளைக்கதை: நாகமலைப் பக்கமும் அழகர்மலை அடிவாரத்திலும் ஓடுகிற காட்டுமுயல் வேறு இனம். லெபஸ் நிக்ரிகோலிஸ். வீட்டு முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரிக்டோலேகஸ் குனிகுலஸ். காட்டுமுயல் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறக்கும். வீட்டு முயல் குட்டி வெறும் சதையாக, கண் மூடி, வளைக்குள் பிறக்கும். காட்டுமுயலுக்குக் குரோமோசோம் 48, வீட்டு முயலுக்கு 44. "ரெண்டையும் சேர்த்துவிட்டா நல்ல குட்டி வருமா சார்" என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில். காட்டுமுயலைப் பிடித்தால் வனத்துறை வரும் என்பது கூடுதல் பதில்.

கினி பன்றி, நம் பிள்ளைகள் வாயில் கினி பிக், தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர். அதற்குள்ளும் பெரிய சீக்கம், வளர்ந்துகொண்டே இருக்கிற 20 பல். ஆனால் ஒரு விஷயத்தில் அது முயலைவிட நமக்குச் சொந்தம். வைட்டமின் சி-யை அதன் உடம்பால் தயாரிக்க முடியாது. அதைத் தயாரிக்கும் கடைசி நொதி நமக்கும் இல்லை, அதற்கும் இல்லை. 1907-இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினி பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்தபோது கப்பல்காரர்களுக்கு வருகிற ஸ்கர்வி அவற்றுக்கும் வந்தது. அந்த நோயை ஆராய வழி திறந்ததே அப்போதுதான். நம் ஊர்க் கடைகளில் முயல் பெல்லட்டையே கினி பன்றிக்கும் கொடுத்து அனுப்புகிறார்கள். முயல் தனக்கு வேண்டிய சி-யைத் தானே செய்துகொள்ளும் என்பதால் அதில் சேர்த்திருக்க மாட்டார்கள். சேர்த்த தீவனம் என்றாலும் மூன்று மாதத்தில் சத்து போய்விடும். நம் சூட்டில் இன்னும் சீக்கிரம். மூட்டு வீங்கி, நடக்க மாட்டாமல், தொட்டால் கீச்சென்று கத்தும். காசு செலவழித்து மாத்திரை தேட வேண்டாம். ஒரு துண்டு கொய்யா, கொஞ்சம் நெல்லிக்காய், ஒரு கொத்து முருங்கைக்கீரை. யானைக்கல் பக்கம் போனால் கொய்யா எப்போதும் இருக்கும்.

ஜோடி போட ஆசைப்படுகிறவர்களுக்கு: பெண் கினி பன்றியின் இடுப்பெலும்பு முன்பக்கம் சேருகிற இடம் பிரசவத்தில் விரிந்து கொடுக்க வேண்டும். குட்டிகள் கிட்டத்தட்ட 68 நாள் வயிற்றில் இருந்து, ரோமமும் பல்லுமாக, பெரிதாகப் பிறக்கின்றன. ஆறேழு மாதத்துக்குள் முதல் பிரசவம் ஆகாவிட்டால் அந்த இணைப்பு இறுகிவிடும். அதற்கப்புறம் சேர்த்தால் தாய் பிழைப்பது கஷ்டம். ஒரு வயதுப் பெண்ணையும் ஓர் ஆணையும் ஒரே கூண்டில் விற்கிற கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஹாம்ஸ்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கன்னத்துப் பை தோள்வரை போகும், அதில் தானியம் அடைத்தால் வீக்கம் என்று பயப்பட வேண்டாம். உலகத்தில் வளர்ப்பில் இருக்கிற சிரிய ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே 1930-இல் அலெப்போ பக்கம் தோண்டி எடுத்த ஒரே தாயின் குட்டிகளிலிருந்து வந்தவை. தனிமை விரும்பி. துணைக்கு இன்னொன்று விட்டால் ராத்திரியில் கடித்துக் குதறிவிடும். ஆயுசு இரண்டு, மூன்று வருஷம். பிள்ளைகளிடம் அதை வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஊர்வன வளர்க்காத வீடு மதுரையில் கிடையாது. பல்லி இருக்கிறதே. சுவரில் அதன் எச்சத்தைப் பாருங்கள்: கறுப்பாக ஒரு துண்டு, நுனியில் வெள்ளை. அந்த வெள்ளைதான் மூத்திரம். தண்ணீரை வீணாக்காமல் யூரிக் அமிலமாகக் கெட்டியாக்கிக் கழிக்கிறது. மலம், மூத்திரம், முட்டை மூன்றுக்கும் பொதுப்புழை என்று ஒரே வாசல். கண்ணுக்கு இமை கிடையாது, நாக்கால் நக்கித்தான் துடைத்துக்கொள்ளும். வால் அறுவது விபத்தில்லை. வால் எலும்புக்குள்ளேயே முறிவதற்கென்று கோடு இருக்கிறது. மறுபடி முளைக்கிற வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான். நான் படித்த காலத்தில் ஓணானை அறுத்துப் படித்தோம். இப்போது பல்கலைக்கழக மானியக் குழு அறுவையை நிறுத்தச் சொல்லிவிட்டது, பிள்ளைகள் கணினித் திரையில் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஓணானுக்கு இருந்த பயம் எங்களுக்கும் இருந்தது.

காசு கொடுத்து வாங்குகிற ஊர்வனவற்றில் நம் ஊரில் முதலிடம் சிவப்புக் காது ஆமைக்கு. மீன்தொட்டிக் கடைகளில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சைப்பசேல் என்று, நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த டப்பாவில் நீந்திக்கொண்டிருக்கும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொன்ன ஊர் இது. இப்போது வாஸ்து என்று சொல்லி அதே ஆமையை வடக்கு மூலையில் வைக்கிறார்கள். அமீனாவுக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை.

ஆமை ஓடு ஒரு சட்டை என்று நினைக்காதீர்கள். அது ஆமையின் விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து அகன்று உருவானது. அதிலிருந்து ஆமை வெளியே வர முடியாது. தொட்டால் உணரும், கீறினால் வலிக்கும். மேலே ஒட்டியிருக்கும் தகடுகள் நம் நகம் செய்யப்பட்டிருக்கிற கெரட்டின். உடற்கூற்றில் எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்காத இடம் இதுதான்: நமக்குத் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே முதுகில் இருக்கிறது. ஆமைக்கு அது விலாக்கூட்டுக்கு உள்ளே. முதுகெலும்புள்ள வேறு எந்தப் பிராணிக்கும் இப்படி இல்லை. விலா அசையாததால் நம்மைப்போல மார்பை விரித்து மூச்சு விட முடியாது. வயிற்றுத் தசைகளும் கால் மூட்டுப் பக்கத்துத் தசைகளும் உள்ளுறுப்புகளை இழுத்துத் தள்ளி, ஓட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் நுரையீரலை விரிக்கின்றன. அந்த நுரையீரலே மிதவையும்கூட. ஆமை தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால், அந்தப் பக்கம் சளி கட்டியிருக்கலாம். வேடிக்கை காட்டுகிறது என்று வீடியோ எடுக்க வேண்டாம்.

இதயத்துக்கு மூன்று அறை. ஆரிக்கிள் இரண்டு, வென்ட்ரிக்கிள் ஒன்று. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலக்கிற குறைபாடு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம், தப்பு. தண்ணீருக்குள் மூச்சை அடக்கும்போது நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பிப் பயனில்லை. ஒரே வென்ட்ரிக்கிள் இருப்பதால் அந்த ரத்தத்தை உடம்புப் பக்கமே திருப்பிவிட முடிகிறது.

வருகிற ஆமைகளில் பாதிக்கு ஓடு மெத்தென்று இருக்கும். காரணம் ஒன்றே: வெயில் படாத ஆமை, காய்ந்த இறால் தீனி. சூரிய ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர்வரை உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் கால்சியம் குடலிலிருந்து ஏறும். ஏறாவிட்டால் உடம்பு எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கும், ஆமையின் எலும்பு என்றால் ஓடும் சேர்த்தி. ஜன்னல் ஓரத்தில் வைத்தால் போதாதா? போதாது, கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும். குளிர்நாடுகளில் இதற்கென்று விளக்கு வாங்கி, வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றுகிறார்கள். மதுரை பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகைக்குள் இருக்கிறது. வருஷம் முழுக்க நம் மொட்டைமாடியில் அந்தக் கதிர் இலவசம். காலையில் கொஞ்ச நேரம், பாதி வெயிலும் பாதி நிழலுமான தொட்டியில், ஏறி உட்கார ஒரு கல்லோடு.

பாதி நிழல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆமை தன் உடம்புச் சூட்டை உள்ளிருந்து தயாரிப்பதில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும், கல்லுக்கும் தண்ணீருக்கும் மாறி மாறிப் போய்த்தான் சரிசெய்துகொள்கிறது. போக இடமில்லாத பிளாஸ்டிக் வாளியில் பதினோரு மணிக்கு மாடியில் விட்டுவிட்டுச் சமைக்கப் போனால், தண்ணீர் 40 டிகிரி தாண்டி ஆமை வெந்துவிடும். ஏசி அறையிலேயே வைத்தாலும் கெடுதல்தான், சூடு குறைந்தால் தின்றது செரிக்காமல் உள்ளேயே கிடக்கும்.

கண் வீங்கி மூடிக்கொள்வது அடுத்தது. பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவு. கண்ணைச் சுற்றிய சுரப்பிகளின் உட்தோல் தடித்து அடைத்துக்கொள்கிறது. பார்வை இல்லாவிட்டால் ஆமை சாப்பிடாது. டாக்டர் அளவு பார்த்துத்தான் வைட்டமின் ஊசி போடுவார். கூடினால் தோல் உரியும். ஈரல் துண்டு எப்போதாவது, முள்ளோடு குட்டி மீன், பெரிதாகப் பெரிதாக வேலம்பாசியும் ஆகாயத்தாமரை இலையும். குட்டியில் புலால் அதிகம், வளர்ந்தபின் இலை அதிகம். சாப்பாட்டைத் தண்ணீருக்குள்ளேயே போட வேண்டும். வெளியே வைத்தால் அதற்கு விழுங்க வராது. நாய்க்கும் மாட்டுக்கும் சர்வசாதாரணமாகப் போடுகிற ஐவர்மெக்டின், ஆமைக்கு ஆகவே ஆகாது. இதை டாக்டரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். மாடு, ஆடு, நாய் என்று நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள், ஞாபகப்படுத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முயல் ஒரே நாளில் சாகும். ஆமை சாக ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். அதே எடையுள்ள பாலூட்டி செலவழிக்கிற சக்தியில் ஆமைக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். அதனால் நோயும் மெதுவாகவே தெரியும், மருந்தும் மெதுவாகவே கேட்கும். ஊசி போட்டு மூன்று நாளில் சரியாகவில்லை என்று டாக்டரை மாற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கையைக் கழுவுங்கள். ஆமையின் குடலில் சால்மொனெல்லா இருக்கலாம், ஆமைக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1975-இல் தடை போட்டதே இதற்காகத்தான். தொட்டியை அடுக்களைத் தொட்டியில் கழுவக் கூடாது.

நட்சத்திர ஆமையை யாராவது அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தால் நான் பேசுவதில்லை, வனத்துறைக்குச் சொல்லிவிடுவேன் என்று மட்டும் சொல்வேன். 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் அதை வைத்திருப்பது குற்றம். 2019-இல் சர்வதேச வணிகத்துக்கும் முழுத் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. கண்மாயில் பிடித்த பாலாமைக்கும் சட்டம் உண்டு. பச்சை இகுவானா என்கிற பெரிய பல்லி, 'பால் பைத்தான்' (ball python) என்கிற வெளிநாட்டு மலைப்பாம்பு வாங்குகிறவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. இகுவானா மூக்கில் வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் சளி என்று நினைக்க வேண்டாம், மூக்கில் இருக்கிற உப்புச் சுரப்பி வழியாகத் தும்மி உப்பைக் கழிக்கிறது. இலை தின்கிற ஜீவன் அது. முட்டையும் கோழியும் கொடுத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

சிவப்புக் காது ஆமைக்கு மறுபடி வருகிறேன், முக்கியமான ஒன்று பாக்கி. அந்த நாணய அளவுக் குட்டி அப்படியே இருக்காது. பெண் ஆமை 25 சென்டிமீட்டர்வரை வளரும். ஆணா பெண்ணா என்பதை முட்டையில் இருந்தபோது பட்ட சூடுதான் முடிவு செய்கிறது. 26 டிகிரி பக்கம் ஆண், 31 பக்கம் பெண். குட்டியைப் பார்த்துக் கடைக்காரரால் சொல்ல முடியாது. வளர்ந்தபின் முன்கால் நகம் நீண்டிருந்தால் ஆண். தொட்டி போதாமல்போனதும் தெப்பக்குளத்திலோ கண்மாயிலோ விட்டுவிட்டுப் புண்ணியம் என்று வந்துவிடுகிறார்கள். மிசிசிப்பிப் பக்கத்து ஆமை அது. உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. கேரளத்தில் ஏற்கெனவே கால்வாய்களில் பிடிபட்டிருக்கிறது. நம் பாலாமையோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டி போடும். விட்டுவிடக் கூடாது. வைத்திருக்கத்தான் வேண்டும், அல்லது வைத்திருக்க முடிகிறவரிடம் கொடுக்க வேண்டும்.

எங்கள் பின்தெருவில் ஒரு வீட்டில் பேரன் ஆறாவது படிக்கும்போது வாங்கியது ஒன்று இருக்கிறது. பேரன் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில். ஆமையை அப்பத்தாதான் பார்த்துக்கொள்கிறார். பழைய சிமெண்டுத் தொட்டியில் கல் போட்டு, ஓரத்தில் ஓலைப் பந்தல் கட்டி, மாடிக்கு மாற்றியிருக்கிறார். ஓடு கருங்கல்மாதிரி இருக்கிறது. போன வாரம் கேட்டார்: "இது இன்னும் எத்தனை வருஷம் தம்பி இருக்கும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா இருபது வருஷத்துக்குக் குறையாதும்மா."

"எனக்கு இப்பவே எழுபத்திரண்டு. அப்ப பேரனுக்குப் பொண்ணு பாக்கையிலேயே இதையும் சேத்துச் சொல்லிறணும்."